பின்கண்ணாடியின் மடங்காமையும் அதனால் விளைந்த கார் ஒன்றும்

மோட்டார் வாகனக் கண்ணாடிகளைப் பற்றிய அறிவுலகில் முதல் மரியாதை எப்போதும் முன்கண்ணாடிக்கே. மழை அதன்மேல் பெய்கிறது, வைப்பர் அதற்காக ஆடுகிறது, பூச்சிகள் உயிரை விடுவதும் அதன்மேல்தான். பின்கண்ணாடியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது அரை நிமிடம் நினைத்துவிட்டு, பிறகு அடுத்த ரிவர்ஸ் வரை மறந்துவிடுகிறார்கள். இந்த ஓரவஞ்சனையைச் சிறிதளவேனும் களையும் பொருட்டு, அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1957 முதல் 1959 வரை செய்த ஃபேர்லேன் 500 ஸ்கைலைனர் என்ற காரின் பின்கண்ணாடியும், அது உடைந்தால் வேறொன்றை மாட்டும் முறைமையும் இங்கே ஆராயப்படுகின்றன. ஸ்கைலைனரைச் செய்தவர்கள் டியர்பார்ன் நகரத்து ஃபோர்டு பொறியாளர்கள் என்று வரலாறு சொல்லும். அவர்களை அப்படிச் செய்யவைத்தது பின்கண்ணாடிதான் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் 'அரிய வாகனம்' என்பதன் இலக்கணம். 1957இல் 20,766, 1958இல் 14,713, 1959இல் 12,915, ஆக மொத்தம் 48,394 ஸ்கைலைனர்கள் செய்யப்பட்டன. இது எப்படி அரிது என்று கேட்கலாம். 1957ஆம் ஆண்டு மாடலில் மட்டும் ஃபோர்டு 16 லட்சத்துக்கு மேல் கார்களை வெளியே தள்ளியது. அந்தக் கூட்டத்தில் இது அரிதே. தவிரவும், ஒரு கார் அரிதா இல்லையா என்பது உற்பத்திக் கணக்கால் தீர்மானிக்கப்படுவதில்லை. உதிரிபாகக் கடைக்காரரிடம் அதன் பின்கண்ணாடியைக் கேட்கும்போது அவர் முகம் போகும் போக்கே உண்மையான அளவுகோல்.

இனிப் பொருளுக்கு வருவோம். ஸ்கைலைனரின் கூரை இரும்புத் தகடு. வெயில் இதமாக இருக்கிறது, காற்று வாங்கலாம் என்று ஓட்டுபவருக்குத் தோன்றினால், அவர் வண்டியை நிறுத்திக் கியரை நியூட்ரலில் வைத்து ஒரு ஸ்விட்சை இயக்குகிறார். டிக்கி மூடி தன் பூட்டுகளைத் தானே அவிழ்த்துக்கொண்டு எழுகிறது. மற்றக் கார்களில் மூடியின் கீல் முன்னால் இருக்கும். இதில் பின்னால். ஆகவே டிக்கி, பயணிகளைப் பார்த்து வாய் திறக்கிறது. பிறகு கூரையின் பூட்டுகள் கழல, முழுக் கூரையும் பின்கண்ணாடியோடு மேலெழுந்து, பின்வாங்கி, டிக்கிக்குள் இறங்குகிறது. இறங்கும் வழியில் கூரையின் முன்விளிம்பில் சுமார் 10 அங்குலத் துண்டு ஒன்று மட்டும் கீழ்நோக்கி மடிகிறது. மூடி சாத்திக்கொள்கிறது. இத்தனைக்கும் 7 மோட்டார், 10 ரிலே, 10 லிமிட் ஸ்விட்ச், 8 சர்க்யூட் பிரேக்கர், 600 அடிக்கு மேல் வயர். எண்ணெய் அழுத்தக் குழாய் என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் மின்சாரமும் திருகு ஜாக்கிகளும்தான்.

மேலே சொன்னதில் அந்த 10 அங்குலத் துண்டை வாசகர் அலட்சியமாகக் கடந்திருப்பார். அதுதான் இந்த ஆய்வின் ஆணிவேர். கூரை ஏன் மடிய வேண்டும்? டிக்கியின் நீளம் போதவில்லை. சரி, ஏன் முன்பக்கம் மடிகிறது, பின்பக்கம் மடியவில்லை? பின்பக்கம் கண்ணாடி இருக்கிறது. இரும்பைக் கீல் வைத்து மடிக்கலாம். துணியைச் சுருட்டலாம். வளைந்த கண்ணாடியை மடிப்பது சுட்ட அப்பளத்தை மடிப்பது போன்றது. ஆகவே கண்ணாடி இருந்த நிலையில் இருக்க, ஏனைய யாவும் அதற்கு வளைந்துகொடுத்தன. கூரையின் முன்பகுதி முதலில் பணிந்தது. மொத்தக் கூரையும் மற்ற ஃபேர்லேன்களின் கூரையைவிடக் குட்டையானது. பின்புறம் நீண்டு, கார் சுமார் 211 அங்குலத்துக்குப் போய் நின்றது. பெட்ரோல் டாங்கி தன் பழைய இடத்தை விட்டுப் பின்சீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நின்றுகொண்டது. பெட்டி படுக்கைக்கு டிக்கியின் நடுவில் ஒரு தொட்டி மட்டும் மிஞ்சியது. அதற்குள் அடங்கும் சாமானைத் தவிர வேறொன்றும் கூரை இறங்கும் நேரத்தில் டிக்கியில் இருக்கக்கூடாது. ஒரு குடும்பத்தின் சாமான்கள் அனைத்தும் ஒரு கண்ணாடி படுத்துறங்க இடம்விட்டு ஒதுங்கின என்றால், அந்த வீட்டில் யார் எசமான் என்பது விளங்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். இந்த ஏற்பாட்டுக்கு மூலம் வடிவமைப்பாளர் கில் ஸ்பியர் செய்த 'சிர்டிஸ்' என்ற சிறிய மாதிரி. ஃபோர்டு இதை முதலில் காண்டினென்டல் மார்க் 2 என்ற ஆடம்பரக் காருக்கென்றே யோசித்து, இருபது லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. பிறகு அங்கே வேண்டாமென்று சாதாரண ஃபோர்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆகவே காரைத் தீர்மானித்தது கண்ணாடி அன்று, செலவழித்த காசு வீணாகக்கூடாது என்ற கவலையே என்பர் ஒரு சாரார். இதை முழுக்க மறுப்பதற்கில்லை. அப்போது ஃபோர்டு பிரிவின் தலைவர் ராபர்ட் மெக்நமாரா. பின்னாளில் போரையே எண்களால் அளக்கப் பார்த்த அந்த மனிதர், இருபது லட்சம் டாலரை மறந்திருப்பார் என்று எந்த ஆய்வாளரும் எழுதத் துணியமாட்டார். ஆனால் காசு சொன்னது 'செய்' என்பதை மட்டுமே. 'இப்படிச் செய்' என்று சொன்னது கண்ணாடி.

ஃபோர்டுக்கும் முன்னோர் உண்டு. 1934இல் பிரான்சில் பெஜோ நிறுவனத்தின் 'எக்லிப்ஸ்' கார்களில் கூரை முழுசாக டிக்கிக்குள் போனது. அதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் போலன் தொழிலால் ஒரு பல் மருத்துவர். உள்ளே போகும் பொருளுக்குத் தக்கபடி வாயைத் திறக்கவைப்பதில் அவருக்குப் பயிற்சி இருந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவர் நாஜிகளை எதிர்த்து இரகசியப் பணி செய்து 1942இல் சுட்டுக்கொல்லப்பட்டவர். அவரைப் பற்றி இதற்குமேல் வேடிக்கை பேச இக்கட்டுரைக்கு மனமில்லை.

அடுத்து, இந்தக் கண்ணாடி எதற்கு என்ற தத்துவக் கேள்வி. பின்னால் வருவதைப் பார்ப்பதற்கு என்பது பாமர விடை. கூரை இறங்கியபின் பின்னால் வருவது கண்ணாடி இல்லாமலேயே நன்றாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் கண்ணாடி டிக்கியின் இருட்டில் கிடக்கிறது. கூரை ஏறும்போதும் இறங்கும்போதும் டிக்கி மூடி நெட்டுக்குத்தாக நிற்பதால், கண்ணாடி இருந்தும் இல்லாமலும் பின்னால் ஒன்றும் தெரியாது. ஆக, வானம் நன்றாக இருக்கும் நாளெல்லாம் பார்வையற்றிருப்பதும், மழை நாளில் மட்டும் பதவியேற்று நீர் வழிந்து மங்குவதும் இதன் தலையெழுத்து. முன்கண்ணாடிக்கு இப்படியொரு வாழ்க்கை அமைந்திருந்தால் அது என்றோ தானாகவே விரிசல் விட்டிருக்கும்.

முன்கண்ணாடி சாலையில் சாகிறது. முன்னே போகும் லாரி தெறித்த கல் என்று ஊரே அறிந்த வீரமரணம். ஸ்கைலைனரின் பின்கண்ணாடி சாக வேண்டுமானால் வீட்டிலேயே சாகலாம். தொட்டிக்கு வெளியே யாரோ வைத்து மறந்த டயர் ஜாக்கி ஒன்று போதும். கூரையின் இரு பக்கத்து ஜாக்கிகளும் ஒரே வேகத்தில் நகராமல் கூரை கோணிக்கொண்டாலும் போதும். லிமிட் ஸ்விட்ச் ஒன்று, வேலை முடியுமுன்பே முடிந்ததாகச் சான்றளித்துவிட்டாலும் ஆபத்துதான். அடுத்த மோட்டார் அந்தச் சான்றிதழை நம்பித் தன் காரியத்தைத் தொடங்கிவிடும். இந்த வகைத் தவறு கார்களில் மட்டும் நிகழ்வதன்று. ஆயினும் அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

உடையும் விதமும் கவனிக்கத்தக்கது. பின்கண்ணாடி டெம்பர்டு வகை. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சி, குளிர்காற்றைச் சட்டென்று பாய்ச்சுவார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது இடம் கிடைக்காது. இதனால் மேல்தோல் நெருக்கத்திலும் உள்ளம் இழுவிசையிலும் காலமெல்லாம் கழியும். இந்த இரட்டை வாழ்க்கை 17ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர்களைத் திகைக்க வைத்தது. இளவரசர் ரூப்பர்ட் கொண்டுவந்த கண்ணாடித் துளிகளை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1661இல் ராயல் சொசைட்டிக்கு ஆராய அனுப்பினார். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டு எடுத்த துளிகள் அவை. தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலை லேசாகக் கிள்ளினால் மொத்தமும் பொடியாகும். ஸ்கைலைனரின் கண்ணாடிக்கும் வால் உண்டு, அதன் விளிம்புதான். நடுவில் குத்தினால் பொறுத்துக்கொள்ளும். விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் முனை பட்டால் போயிற்று.

பொடியானபின் முதல் வேலை பொறுக்குவது. சாதாரணக் காரில் பின்கண்ணாடித் துகள் சீட்டில் விழும், கூட்டி அள்ளலாம். இங்கே அது ஜாக்கியின் திருகுகளிலும், ஸ்விட்சுகளின் இடுக்கிலும், கூரைப் பூட்டுகளின் வாயிலும் போய் உட்காரும். காந்தத்துக்கு அகப்படாது. வேக்குவம் கிளீனருக்குப் பாதி அகப்படும். மீதிப் பாதி, மோட்டார் ஓடும்போது கறக்முறக் என்ற ஓசையால் தன் இருப்பிடத்தை அறிவிக்கும். இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடப்பவர்கள் பிறகு மோட்டாரும் வாங்க நேர்வது இயற்கை நீதி.

இரண்டாவது வேலை, மாற்றுக் கண்ணாடி தேடுவது. 'அதே வருடத்து இன்னொரு ஃபோர்டின் கண்ணாடியை அளவாக வெட்டிப் போடுங்கள்' என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். டெம்பர்டு கண்ணாடியை வெட்ட முடியாது. வைரமுனை தொட்ட கணமே இளவரசர் ரூப்பர்ட் நினைவுக்கு வருவார். வெட்டுவது, விளிம்பைத் தேய்ப்பது, வளைப்பது எல்லாம் காய்ச்சிக் குளிர்விக்குமுன் முடிந்திருக்க வேண்டும். எனவே புதிதாகச் செய்வதானால் அச்சிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே ஒரு கண்ணாடிக்காக அச்சு செய்வதைவிட ஐம்பது கண்ணாடிக்கு அச்சு செய்வது மலிவு. மிச்சம் நாற்பத்தொன்பதை எங்கே வைப்பது என்று மனைவி கேட்பார்.

ஆகவே பெரும்பாலும் நாடப்படுவது, ஓடாத இன்னொரு ஸ்கைலைனரின் கண்ணாடி. இங்கே ஒரு விதியை முன்மொழிகிறோம்: அரிய வாகனத்தில் பின்கண்ணாடிக் குறை தீர்வதில்லை, கைமாறுகிறது. கண்ணாடி கொடுத்த கார் இப்போது கண்ணாடியற்ற கார். அதையும் ஒருவர் என்றாவது செப்பனிட நினைப்பார். அவரும் இன்னொன்றைத் தேடுவார். உலகிலுள்ள ஸ்கைலைனர்களின் எண்ணிக்கையிலிருந்து முழுக் கண்ணாடிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது மாறாத ஓர் எண். யாராவது மறுபடி தொட்டிக்கு வெளியே ஜாக்கியை வைக்கும்வரை.

இனி மாட்டும் முறைமை. அக்காலத்து வழக்கப்படி கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்கிறது. பழைய பீடிங்கை மறுபடி போடலாமா என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதும் காலவிரயம். புது பீடிங்கைக் கண்ணாடியின் விளிம்பில் சுற்றி ஏற்ற வேண்டும். அதன் வெளிப்பள்ளத்தில் ஒரு வழவழப்பான கயிற்றைச் சுற்றிலும் புதைத்து, இரு நுனிகளும் காருக்குள் தொங்கும்படி விட வேண்டும். வெளியே ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல உருவ, பீடிங்கின் உதடு தகட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே மடிகிறது. கவனிக்க: இந்த இடத்திலும் மடிவது ரப்பர்தான், கண்ணாடி அன்று.

வழுக்குவதற்கு என்ன தடவுவது என்பதில் இரு சாரார் உண்டு. சோப்புத் தண்ணீரே போதும் என்பர் ஒரு சாரார். சோப்பு காய்ந்து, தகட்டில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், கிளிசரினே தக்கது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் வேண்டாம், எச்சில் போதும் என்னும் மூன்றாவது சாராரை இக்கட்டுரை கணக்கில் எடுக்கவில்லை. உள்ளே இழுப்பவரும் வெளியே அழுத்துபவரும் பேசிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் இருதரப்பும் ஏற்ற முடிவு. சகோதரர்கள் தவிர்க்கப்படுவது நல்லது.

கூரையை எந்த நிலையில் வைத்து மாட்டுவது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. கூரை மேலே ஏறி, எல்லாப் பூட்டும் விழுந்து, பேட்டரி வயர் கழற்றப்பட்ட பிறகே. பாதி வழியில் நிற்கும் கூரையில் மாட்டினால் கை எட்டும், வசதியாக இருக்கும். ஆனால் பூட்டு விழாத கூரை லேசாகத் திருகிக்கொண்டிருக்கும். அந்தத் திருகலுக்கே பொருத்தமாகக் கண்ணாடி உட்கார்ந்துவிடும். பிறகு கூரை நேராகும்போது விளிம்பில் அழுத்தம். விளிம்பு என்றால் வால்.

பிற்காலத்து நிலவரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 2001இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் காரில் கூரை இறங்கும்போது பின்கண்ணாடி தன்னைத் தானே திருப்பிக்கொண்டு, கூரையின் வளைவுக்கு இணையாகப் படுத்து டிக்கியில் இடத்தை மிச்சம்பிடிக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பொறியியல் கண்டதெல்லாம் கண்ணாடியைப் புரண்டு படுக்கச் சம்மதிக்க வைத்தது மட்டுமே. மடிக்க மெர்சிடிஸ்காரர்களாலும் ஆகவில்லை. பிளாஸ்டிக் சன்னல் தைத்த துணிக்கூரைக் கார்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர்களுடைய சன்னல் நன்றாக மடியும். மடிந்த இடத்தில் கோடு விழும், சில வருடத்தில் மஞ்சளிக்கும், அதன்வழியே பார்த்தால் பின்னால் வருவது லாரியா மேகமா என்று சொல்ல முடியாது.

கடைசியாகச் சோதனை. முதலில் குழாய் வைத்துத் தண்ணீர் அடித்து, உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து டிக்கியைக் காலிசெய்து, வெறும் கையால் தடவிப் பார்த்து, பக்கத்துக்கு ஒருவராக இருவரை நிறுத்தி, மூன்றாமவர் ஸ்விட்சைத் தொட வேண்டும். விரல் ஸ்விட்சை விட்டால் இயக்கம் நிற்கும் என்பதால் கண் கூரையிலும் காது மோட்டாரிலும் இருக்கட்டும். முதல் முறை கூரையை இறக்கி ஏற்றுவது வேலை சரியாக நடந்ததா என்று அறிவதற்கு. இரண்டாம் முறை, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டாருக்காக. மூன்றாம் முறையைக் குறித்து ஸ்கைலைனர் வைத்திருப்போர் அனைவரிடமும் அபூர்வமான கருத்தொற்றுமை நிலவுகிறது: வேண்டாம்.