துருவின் சின்ன வீடு

ரோமாபுரிக்காரர்கள் சாமிக்குப் பஞ்சம் வைத்தவர்கள் இல்லை. கதவுக்கு ஒரு தெய்வம், வாசற்படிக்கு ஒரு தெய்வம், கதவுக் கீலுக்குத் தனியாக ஒரு தெய்வம் என்று இலாகா பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கோதுமைத் தாளில் செக்கச்செவேலென்று பொடி பூக்கும் துரு நோயை மட்டும் அநாதையாக விட்டுவிடுவார்களா? ரோபிகஸ் என்று ஒருவரை நியமித்தார்கள். அவர் ஆணா பெண்ணா என்பதில் அவர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. ரோமப் பண்டிதர் வாரோ ஆண் என்கிறார். கவிஞர் ஓவிட் பெண்பாலில் கூப்பிடுகிறார். யாராயிருந்தால் என்ன, ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று ஊர்வலமாகப் போய், ஒரு நாயையும் ஒரு ஆட்டையும் பலி கொடுத்து, பயிரை விட்டுவிட்டு வாள், வேல் என்று இரும்பைத் தின்றுகொள்ளும்படி வேண்டிக்கொண்டு வந்தார்கள்.

நாய் என்ன பாவம் செய்தது? ஓவிட் அதைப் பூசாரியிடம் கேட்டே விட்டார். வானத்தில் நாய் நட்சத்திரம் எழும் காலம் பயிருக்கு ஆகாதாம். பெயர்ப் பொருத்தத்துக்காகத் தரையில் இருக்கிற நாய் சாகிறதாம். ஏப்ரலில் அந்த நட்சத்திரம் எழுவதில்லை, மறையத்தான் செய்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் பிற்பாடு திருத்தம் சொன்னார்கள். நாய்க்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பிறகு கிறித்தவம் வந்தது. ரோபிகஸுக்குக் கல்தா கொடுத்தார்கள். ஆனால் தேதியையும் ஊர்வலத்தையும் கைவிட மனம் வரவில்லை. அதே ஏப்ரல் 25-ல் மன்றாட்டு ஊர்வலம் என்ற புதுப் பெயரில் திருச்சபை அதைத் தொடர்ந்தது. முந்தைய ஆட்சியின் திட்டத்துக்குப் பெயர் மட்டும் மாற்றுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. துருவோ எந்த ஆட்சி நடக்கிறது என்று கூடப் பார்க்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்த வேலை இதுதான். காற்றில் வந்து இலையில் விழும் ஒரு துளி வித்து, பனி ஈரத்தில் முளைத்து, இலையின் மூச்சுத் துளை வழியாக உள்ளே புகுந்து, செடிக்குச் சேர வேண்டிய சத்தை உறிஞ்சுகிறது. இரண்டு வாரத்துக்குள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் புது வித்துகளைக் காற்றில் விடுகிறது. வயலில் நடந்தால் வேட்டி, கால்சட்டை எல்லாம் செங்கல்பொடி நிறமாகிவிடும். தாள் ஒடியும், மணி சுருங்கும். அறுவடைக்கு மூன்று வாரம் முன்பு வரை ஜம்மென்று நின்ற பயிர், கதிர் அடிக்கும்போது பதரைக் கொடுக்கும். கடன் கொடுத்தவர் பதரை வாங்கிக்கொள்வதில்லை.

விவசாயிகள் ஒன்றைக் கவனித்துவிட்டார்கள். ஐரோப்பாவில் வேலிக்கு வைக்கிற பார்பெரி என்ற முட்புதர் எங்கே இருக்கிறதோ, அதன் ஓரத்துக் கோதுமைக்குத்தான் துரு முதலில் வருகிறது. 1660-லேயே பிரான்சின் ரூவான் பகுதியில் பார்பெரியை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டதாகச் சொல்வார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் கனெக்டிகட் 1726-லும், மாசசூசெட்ஸ் 1755-லும் சட்டமே போட்டன. துரு ஒரு பூஞ்சை என்றோ, பூஞ்சை நோய் உண்டாக்கும் என்றோ ஒரு பண்டிதருக்கும் தெரியாத காலம் அது. உரையாடல் ஏறக்குறைய இப்படி நடந்திருக்க வேண்டும் என்பது என் கற்பனை:

"ஐயா, அந்தப் புதரை வெட்டினா நோய் குறையுதுங்க."

"புதருக்கும் கோதுமைக்கும் என்னப்பா உறவு?"

"அது தெரியாதுங்க. வெட்டினா குறையுது."

"உறவை நிரூபிக்காமல் வெட்டக்கூடாது. மூடநம்பிக்கை!"

பண்டிதர்கள் சும்மா இருந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1767-ல் இத்தாலியின் ஃபெலிசே ஃபொன்டானா நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, இது பயிரின் சாற்றைக் குடிக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணிச் செடிகளின் கூட்டம் என்றார். அதே ஆண்டில் தார்ஜோனி தொசெத்தியும் அதையே எழுதினார். அதற்குப் பிறகும், 1833-ல், ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் உங்கர் ஒரு புத்தகமே போட்டு, துரு என்பது செடியின் சாறு கெட்டு மேலே வெடித்த சொறி என்று சாதித்தார். இதற்கு நடுவில் ஷோலர் என்ற டென்மார்க் பள்ளி ஆசிரியர், துருப்பிடித்த பார்பெரித் தழையைக் கொண்டுபோய்ப் பனி ஈரத்தில் 'ரை' என்ற தானியப் பயிரின்மேல் தேய்த்து, தேய்த்த செடிகளுக்கு மட்டும் நோய் வருவதைக் காட்டிவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார் சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள்!

கடைசியில் 1865-ல் அன்டன் டி பாரி என்ற ஜெர்மானியர் முறையாகச் சோதனை செய்து உறவை அம்பலப்படுத்தினார். அன்றைய ஐரோப்பாவின் கண்ணியம் கருதி அவர் அடக்கமான மொழியில் எழுதினார். நாம் பச்சையாகச் சொல்லலாம்: கருந்துரு என்று பெயர்பெற்ற இந்தத் துருவுக்குக் கோதுமை பெரிய வீடு, பார்பெரி சின்ன வீடு. சாப்பாடு, வளர்ச்சி, கோடிக்கணக்கில் நகலெடுத்துப் பரவுவது எல்லாம் பெரிய வீட்டில். குளிர்காலம் முடிந்ததும் சின்ன வீட்டுக்குப் போகிறது. அங்கேதான் கூடல், அங்கேதான் புதிய வாரிசு. அந்த வாரிசு கோதுமைக்குத் திரும்பி வருகிறது. இரண்டு வீட்டுக் கணக்கையும் சரிக்கட்ட ஐந்து வகை வித்துகளை வைத்திருக்கிறது, ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொன்று. கூடலுக்குத் தூது போவது யார் என்பது 1927 வரை தெரியவில்லை. கனடாவின் வின்னிபெக்கில் ஜான் கிரெய்கி பார்பெரி இலையையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஈ வந்து இலையில் சுரந்திருந்த தேனை நக்கிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போனது. அதுதான் தூது. உலகின் ரொட்டிக்கு உலை வைக்கிற கல்யாணத்துக்குத் தரகர் ஒரு ஈ.

அமெரிக்காவில் பார்பெரியை நட்டவர்களே வெள்ளைக்காரக் குடியேறிகள்தான். ஜாம் செய்யப் பழம், சாயத்துக்குப் பட்டை, வேலிக்கு முள் என்று ஆசையாகக் கொண்டுவந்தார்கள். 1916-ல் துரு அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 30 கோடி புஷல் கோதுமையைத் தின்றுவிட்டது. உலகப்போர் நேரம் வேறு. 1918-ல் பார்பெரி மீது போர்ப் பிரகடனம் ஆனது. தளபதி, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் எல்வின் ஸ்டாக்மன். பள்ளிப் பிள்ளைகளுக்கு மெடல் கொடுத்துப் புதர் வேட்டைக்கு அனுப்பினார்கள். வேரோடு பிடுங்கினார்கள், வேரில் உப்பைக் கொட்டினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் கோடிக்கணக்கில் புதர்கள் போயின. கொல்லைப்புறத்தில் பாட்டி வைத்த புதர் தேசத்துரோகியாகிவிட்ட அதிர்ச்சியில் ஜாம் போட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் என்ன ஆயின என்று வரலாறு பேசவில்லை.

பலன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன வீடு இடிந்ததும் புதுப்புது வாரிசுகள் உண்டாவது நன்றாகக் குறைந்தது. ஆனால் துருவுக்குப் பெரிய வீடே போதும் என்ற ஏற்பாடும் இருந்தது. மெக்சிகோ, டெக்சாஸ் பக்கத்துக் குளிர்காலக் கோதுமையில் ஒண்டியிருந்து, வசந்தத்தில் தெற்குக் காற்றைப் பிடித்து வடக்கே போய்விடும். ஸ்டாக்மன் விமானத்தில் ஏறி, வாசலின் தடவிய கண்ணாடிச் சில்லுகளை வெளியே நீட்டி, வானத்திலேயே வித்துகளைப் பிடித்துக் காட்டினார். துருவில் பல இனங்கள் உண்டு, ஒரு ரகக் கோதுமையை அண்ட முடியாத இனம் இன்னொன்றை விழுங்கும் என்பதும் அவர் நிறுவியதுதான். அதன் செய்முறை விளக்கத்தைத் துருவே 1935-ல் நடத்தியது. அதற்கு முன்பு துருவைத் தாங்கும் ரகம் என்று 'சீரிஸ்' கோதுமையைக் கொண்டாடிப் பரப்பியிருந்தார்கள். 56 என்ற எண் கொண்ட இனம் வந்து வடக்கு டகோட்டாவிலும் மின்னசோட்டாவிலும் கோதுமையில் பாதிக்கு மேல் தின்றது. பிறகு அதையும் தாங்கும் ரகங்கள் வந்தன. 1950-களில் 15பி என்ற இனம் வந்தது. 1954-ல் மாக்கரோனிக்கான கோதுமையில் முக்கால் பங்கு காலி.

இங்கேதான் எனக்குப் பிடித்த அத்தியாயம். இதே அமெரிக்கா, ஒரு கையால் பிள்ளைகளுக்கு மெடல் கொடுத்துத் துருவை ஒழித்துக்கொண்டே, மறு கையால் துருவை மூட்டை மூட்டையாகச் சேர்த்துவைத்தது. எதிரி நாட்டு வயலில் போட! எப்படிப் போடுவது என்று யோசித்த ராணுவ மூளைகள் கண்டுபிடித்த வழி, இறகு. துண்டுப் பிரசுரம் வீசும் குண்டுக்குள், துரு வித்து தூவிய பறவை இறகுகளை அடைத்தார்கள். எம்115 என்று அதற்கு எண் வேறு. பனிப்போரின் உச்சத்தில் ஒரு வல்லரசு, இன்னொரு வல்லரசின் மேல் இறகு கொட்டத் தயாராக இருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1969-ல் நிக்சன் உயிரியல் ஆயுதங்களைக் கைவிட்டார். சேர்த்துவைத்த வித்துகளை அழித்தார்கள். ரோபிகஸ் மீது இவ்வளவு நம்பிக்கை ரோமானியர்களுக்குக்கூட இருந்ததில்லை.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் வெயிலில் துரு உயிரோடு இருக்க வழியே இல்லை. வயலில் கோதுமையும் இல்லை. ஆனாலும் அடுத்த பருவத்தில் தவறாமல் ஆஜர். 1920-களில் ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா இதைத் துருவித் துருவி ஆராய்ந்தார். இமயமலையில் பார்பெரி இனச் செடிகள் உண்டு என்பதால் எல்லோரும் அதைச் சந்தேகித்தார்கள். மேத்தா அதற்கு நன்னடத்தைச் சான்று கொடுத்துவிட்டார். இந்தியத் துரு சின்ன வீடு வைத்துக்கொள்ளவில்லை, மலைவாசஸ்தலம் வைத்திருந்தது. துரைமார் செய்த அதே காரியத்தைத்தான் துருவும் செய்தது. கோடையில் ஒரு கோஷ்டி இமயமலைக்கு, இன்னொரு கோஷ்டி நீலகிரிக்கும் பழனி மலைக்கும். மலைக் குளிரில் ஆண்டு முழுவதும் அங்குமிங்கும் நிற்கும் கோதுமையில் சுகமாக இருந்துவிட்டு, சமவெளியில் விதைப்பு முடிந்ததும் இறங்கி வரும். மேத்தாவின் ஆய்வுக்கூடம் சிம்லாவில் அமைந்ததும் பொருத்தம்தான். துரையும் துருவும் போகிற இடத்துக்கே ஆராய்ச்சியும் போய்விட்டது.

நீலகிரியிலிருந்து மத்தியப் பிரதேசம் வரை எப்படிப் போகிறது? 1970-களில் நாகராஜனும் எச். சிங்கும் விடை சொன்னார்கள். வங்கக் கடலில் உருவாகி நம் கரையைத் தொடுகிற புயல் சின்னம்தான் வாகனம். நாம் பள்ளிக்கு விடுமுறை விடுவார்களா என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், கருந்துரு டிக்கெட் எடுக்காமல் ஏறி, மத்திய இந்தியாவில் மழையோடு இறங்கிவிடுகிறது. குன்னூர்ப் பக்கம் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் எதற்கு, தோசைக்கார ஊரில் சப்பாத்திக்கு என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். துரு அங்கே குடியிருக்கிறது; போலீஸ் ஸ்டேஷனும் அங்கேதான் இருக்க வேண்டும்.

பசுமைப் புரட்சிக் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒரே ஒரு விஷயம். வேலை போன வனத்துறைப் பட்டதாரியான நார்மன் போர்லாக், ஸ்டாக்மன் துருவைப் பற்றிப் பேசிய சொற்பொழிவைக் கேட்டுத்தான் தாவர நோயியலுக்கு வந்தார். 1944-ல் மெக்சிகோவுக்குப் போனதும் முதலில் மல்லுக்கட்டியது துருவோடுதான். குட்டைக் கோதுமை, எம்.எஸ். சுவாமிநாதனோடு கூட்டு, 1970-ல் நோபல் பரிசு எல்லாம் பிறகு.

அதற்கப்புறம் உலகமே ஒரு பெரிய ஏப்பம் விட்டது. 'ரை' தானியத்திலிருந்து கோதுமைக்கு வந்த எஸ்ஆர்31 என்ற மரபணு கருந்துருவை அண்டவிடாமல் வைத்திருந்தது. ஏராளமான ரகங்களில் அதையே போட்டார்கள். நோய் ஒழிந்தது என்றார்கள். நிதி சுருங்கியது, துரு தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், அந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. 1998-ல் உகாண்டாவில் ஒரு இனம் எஸ்ஆர்31-ஐச் சட்டை செய்யாமல் உள்ளே நுழைந்தது. யுஜி99 என்று பெயரிட்டார்கள். கென்யா, எத்தியோப்பியா, ஏமன் என்று நடந்து 2007-ல் ஈரானை எட்டியது. 91 வயது போர்லாக் 2005-ல் நைரோபியில் நின்று, விழித்துக்கொள்ளுங்கள் என்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகுதான் பணம் வந்தது. கென்யாவின் ஞோரோவில் ஒவ்வொரு பருவமும் உலகின் பல நாட்டுக் கோதுமைகளை வேண்டுமென்றே துருவுக்குத் தின்னக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். இந்தியாவின் ரகங்களும் அங்கே போகின்றன.

நிம்மதி என்று நினைப்பதற்குள் 2016-ல் வங்கதேசத்தில் கோதுமைக் குலைநோய் வந்து இறங்கியது. 1985-ல் பிரேசிலில் முதலில் தெரிந்த வேறொரு பூஞ்சை அது. எல்லை தாண்டாமலிருக்க மேற்கு வங்க அரசு முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமை விதைக்கவே தடை போட்டது.

வாசகர்களில் யாராவது நிதி ஒதுக்கும் நாற்காலியில் இருந்தால் ஒரு விண்ணப்பம். பூஞ்சை ஆராய்ச்சிக் கோப்பு மேசைக்கு வரும்போது, 'இந்நோய் கட்டுக்குள் உள்ளது, எனவே தொகையைக் குறைக்கலாம்' என்று குறிப்பு எழுதாதீர்கள். உகாண்டாவுக்கு முன்பும் அப்படித்தான் எழுதினார்கள்.