தொண்டைமானின் கைக்கடிகாரம்

தகடூருக்கும் காஞ்சிக்கும் சண்டை மூளும் போலிருந்த நேரம். தகடூர் என்றால் இன்றைய தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி தூது அனுப்பியது தளபதியை அல்ல, அவ்வையாரை. ஊரிலிருந்த வேல்களையெல்லாம்விட அந்தம்மாவின் நாக்கு கூர்மை என்பது அவனுக்குத் தெரியும்.

போன இடத்தில் தொண்டைமான் அவரை ஆயுதக் கிடங்குக்குத்தான் கூட்டிப்போனான். புதுக் கார் வாங்கியவன், விருந்தாளிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் காரைச் சுற்றிக் காட்டுவானே, அந்த அவசரம். வேல்களுக்கு மயிற்பீலி, மாலை, மேலே நெய்ப்பூச்சு. சுற்றிலும் காவல். அவ்வை நிதானமாகப் பார்த்தார். உன்னுடையவை அழகாக வீட்டில் இருக்கின்றன. எங்கள் ஆளுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. பாராட்டென்று நினைத்துத் தொண்டைமான் சாயங்காலம்வரை சிரித்துக்கொண்டிருந்திருப்பான். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்திருக்கும்.

பழைய போர்விமானத்தைப் பார்த்துச் செய்த 'லிமிடெட் எடிஷன்' கைக்கடிகாரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிடங்குதான் ஞாபகம் வருகிறது.

விமானிக் கடிகாரம் பிறந்ததே வசதிக்குறைவில்தான். பாரிஸில் பறந்து வித்தை காட்டிக்கொண்டிருந்த பிரேசில்காரர் சாண்டோஸ் டுமோனுக்கு ஒரு சங்கடம். இரண்டு கையும் இயந்திரத்தைப் பிடித்திருக்கும்போது, பையிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை உருவி எப்படி மணி பார்ப்பது? நண்பர் லூயி கார்ட்டியேவிடம் புலம்பினார். 1904-இல் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஒன்று அவருக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படை கொடுத்த கடிகாரம் 55 மில்லிமீட்டர் அகலம். ஏறக்குறைய ஒரு மெதுவடை. தடித்த தோல் சட்டையின் கைக்கு மேலேயே வார் போட்டுக் கட்டவேண்டும். 12 இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம்; இருட்டில் எது தலை, எது கால் என்று குழம்பாமலிருக்க. அழகுக்கு அதில் ஒரு கோடுகூடக் கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி சாதியைச் சேர்ந்த பொருள் அது.

போர் முடிந்தது, விமானங்கள் பழைய இரும்புக்குப் போயின. பிறகுதான் நெய்யும் மயிற்பீலியும் வந்தன. இங்கிலாந்தின் பிரெமான்ட் கம்பெனி ஈ.பி.120 என்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் உலோகத் துண்டைக் கடிகாரத்துக்குள் வைத்து, மொத்தம் 120 மட்டும் செய்தது. ஸ்பிட்ஃபயர் குண்டடி படும் உயரத்தில் பறந்தது. அந்த மாதிரிக் கடிகாரம் ஒன்று நம் பக்கம் வந்தால், அதிகபட்சம் தொப்பூர் கணவாய் ஏறும். அதுவும் ஏ.சி. காரில்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. பெங்களூரு வாட்ச் கம்பெனி, மிக்-21 போர்விமானத்தை நினைவில் வைத்து 'மாக் 1' என்று ஒரு கடிகாரம் செய்தது. 1963-இல் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் ஓய்வு பெற்றது. அறுபத்திரண்டு வருஷச் சர்வீஸ்! எந்த அரசு ஊழியருக்கும் கிடைக்காத பாக்கியம். விமானம் பென்ஷனில் உட்கார்ந்துவிட்டது. கடிகாரம் மட்டும் யாரோ ஒருவர் மணிக்கட்டில் இன்னும் டூட்டி பார்க்கிறது.

கடிகார விஷயத்தில் தர்மபுரிக்காரர்களுக்கு வாய் நீளம் கொஞ்சம் உண்டு, காரணத்தோடுதான். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் கைகோத்து ஆரம்பித்த டைட்டன், தொழிற்சாலை கட்டியது ஓசூரில். அன்றைக்கு ஓசூர் தர்மபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி தனிக்குடித்தனம் போனபோது ஓசூரையும் சீர்வரிசையோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. பாகப்பிரிவினையில் கடிகாரம் அவர்களுக்கு, அதியமான் நமக்கு.

அதியமான் பக்கத்துக் கடிகாரம் எது என்று கேட்டால், எச்.எம்.டி. என்பேன். ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தொழிற்சாலை. அதில் 'பைலட்' என்று கறுப்பு முகத்தோடு ஒரு ரகம் உண்டு. அதைக் கட்டியிருந்த வாத்தியார்களும் வி.ஏ.ஓ.க்களும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் விடிந்ததும் திருகிச் சாவி கொடுப்பார்கள், விமானி என்ஜினைக் கிளப்புகிற கம்பீரத்தோடு. கண்ணாடி முழுக்கக் கீறல். வார் மூன்று முறை மாறியிருக்கும். மாதத்தில் பாதி நாள் அது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரிப்பேர்க் கடையில், ஒற்றைக் கண்ணில் லென்ஸ் இடுக்கிய மனிதர் முன்னால் வயிறு திறந்து கிடக்கும். அவ்வை சொன்ன கொல்லன் பட்டறை அதுதான்.

லிமிடெட் எடிஷன் விஷயத்திலும் தகடூர்தான் மூத்தது. எட்டாத மலைப்பிளவில் உயிரைப் பணயம் வைத்து ஏறி, அதியமான் கொண்டுவந்த கருநெல்லிக் கனி. மொத்தத் தயாரிப்பு ஒன்று. வரிசை எண் 1/1. கடிகாரமெல்லாம் நேரத்தைக் காட்டும். தின்றவருக்கு நேரத்தையே கூட்டிக் கொடுக்குமாம் அந்த நெல்லி.

இப்படியொரு சரக்கு கையில் கிடைத்தால் எந்தக் கம்பெனியாவது சும்மா இருக்குமா? மரப்பெட்டி, சான்றிதழ், காத்திருப்போர் பட்டியல் என்று ஊரைக் கூட்டியிருக்கும். அதியமான் விளம்பரத் துறைக்கே லாயக்கில்லாத ஆள். அதன் மகிமையை வாய் திறந்து சொல்லாமல் அவ்வை கையில் கொடுத்துவிட்டான். அவரும் ஏதோ நெல்லிக்காய் என்று கடித்துத் தின்றார். விஷயம் தெரிந்ததே பிற்பாடுதான்.

தொண்டைமானிடம் அது கிடைத்திருந்தால் நெய் பூசி, மயிற்பீலி கட்டி, கிடங்கில் காவலோடு வைத்திருப்பான். மறுவாரம் அவ்வை தூது போயிருந்தால், அழுகல் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு பாட்டுப் பாடியிருப்பார்.