பார்த்துக்கொண்டே இருந்தார்கள்

ஆக்லாந்து நேஷனல் விமன்ஸ் மருத்துவமனை நோயாளிகளைக் கைவிட்டது என்று யாரும் பழி சொல்லக் கூடாது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மேசையில் ஏறிப் படு, கருப்பைவாய்ச் செல்லைத் தடவி எடுக்கும் ஸ்மியர் கொடு, போய்விட்டு மறுபடி வா. ஸ்மியர் கெட்டதாகவே வந்தது. கோப்பில் ஒழுங்காகக் குறித்தும் வைத்தார்கள். மேசையில் படுத்த பெண்ணிடம்தான் சொல்லவில்லை.

கருப்பைவாயின் மேல்தோலோடு நிற்கும் புற்று முன்நிலை உள்ளே இறங்காது என்பது அங்கே இருந்த டாக்டர் ஹெர்பர்ட் கிரீனின் நம்பிக்கை. நம்பிக்கையைச் சோதிக்க உடம்புகள் வேண்டுமே! 1966 ஜூனில் மூத்த மருத்துவர்கள் கூடி அதற்கு அனுமதி தந்தார்கள். பல பெண்களுக்கு பயாப்ஸிக்கு ஒரு துண்டு கிள்ளி எடுத்ததோடு சரி. மிச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது.

யாருக்காவது புற்றுநோய் வந்துவிட்டால்? ஆரம்பத்திலேயே இருந்திருக்கும், நாம்தான் கவனிக்கவில்லை என்று சொல்லி அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஆபரேஷன் சக்ஸஸ், பேஷண்ட் அவுட் என்று நாம் கேலி பேசுவோம். இங்கே முழு ஆபரேஷன்கூடத் தேவைப்படவில்லை.

இன்றும் முன்நிலையை வெட்டி எடுத்த ஓரத்தில் கெட்ட செல் மிஞ்சினால், எல்லோருக்கும் உடனே மறுபடி கத்தி வைப்பதில்லை. சில மாதம் விட்டுச் சோதிப்பார்கள். போகவில்லையென்றால் எடுப்பதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. கிரீன் காத்திருந்தது வேறு எதற்கோ.

அதே மருத்துவமனையில், கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பில் பார்த்த மெக்இண்டோவும் திசுவைப் பார்த்த மெக்லீனும் எழுதி எழுதி எச்சரித்தார்கள். மருத்துவமனை தன் ஆட்களையே வைத்துக் குழு போட்டது. குழு என்ன சொல்லியிருக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1984-இல் அந்த இருவரும் சகாக்களோடு கணக்கை அச்சிலேயே ஏற்றினார்கள்: கெட்ட ஸ்மியர் தொடர்ந்த 131 பேரில் 29 பேருக்குப் புற்றுநோய், ஸ்மியர் சரியான 817 பேரில் 12 பேருக்கு. வைத்திய உலகம் படித்தது, பக்கத்தைப் புரட்டியது. 1987-இல் சாண்ட்ரா கோனியும் ஃபிலிடா பங்கிளும் 'மெட்ரோ' பத்திரிகையில் எழுதிய பிறகுதான் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரணைக்கு வந்தார்.

பயாப்ஸியோடு விடப்பட்ட 143 பேரின் கதி 2008-இல் தெரிந்தது: 30 ஆண்டுகளில் 31 சதவீதத்தினருக்குப் புற்றுநோய். சரியான சிகிச்சை கிடைத்தவர்களில் அது 0.7 சதவீதம். முன்நிலையை ஏன் விட்டுவைக்கக் கூடாது என்று பாடம் எடுப்பவர்கள் இன்று காட்டுவது இந்த எண்ணைத்தான். டாக்டரின் சேவை வீண்போகவில்லை.