கொடுத்து வைத்தவர்கள்!

விமான நிறுவன ஊழியர்களுக்கு விமானப் பயணம் இலவசமாமே, கொடுத்து வைத்தவர்கள்?

கொடுத்து வைத்தவர்கள்தான். இருக்கையை மட்டும் யாரும் எடுத்து வைப்பதில்லை! டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு மிச்சம் இருந்தால்தான் இடம். வெளிநாடு என்றால் வரி, விமான நிலையக் கட்டணம் என்று கைக்காசும் கரையும். கதவு மூடும்வரை பெட்டியும் கையுமாகக் காத்து நிற்கும் குடும்பத்தைப் பார்த்துமா பொறாமை?

அந்த மிச்ச இடத்துக்கும் சண்டை வராதா?

வராமலா! அமெரிக்காவில் டெல்டா நிறுவனத்தில் பணிமூப்புக்கு முன்னுரிமை. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் சக ஊழியர்களுக்குள் யார் முதலில் செக்-இன் செய்தாரோ அவருக்கு. முப்பது வருடம் உழைத்தவரை நேற்றுச் சேர்ந்த பையன் முந்திவிடலாம். எது நியாயம்? என் ஓட்டு சீனியருக்கு. (வயது அப்படி!)

வருமான வரிக்காரர்கள் இதையெல்லாம் சும்மா விடுவார்களா?

விட்டுவிட்டார்களே! அமெரிக்கச் சட்டப்படி ஊழியரும் அவருடைய வாழ்க்கைத் துணை, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோரும் இப்படிக் காலி இருக்கையில் பறந்தால் வரி இல்லை. நண்பரை இலவசமாக அனுப்பினால் அதன் மதிப்பு ஊழியரின் வருமானத்தில் சேரும்.

மாமியார்? சலுகைப் பட்டியலில் இல்லை.