மேலிடத் தொடர்பு உள்ளவர்

சொந்த மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக்கூட நம்மவர் தாம்பூலம் கொடுக்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவார். ஆனால் எஸ்.ஓ.-50 மாலை 6.42-க்கு வருகிறதென்றால் 6.30-க்கே மொட்டைமாடியில் ஆஜர். நிச்சயதார்த்தம் முன்னேபின்னே ஆகலாம். நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற சாட்டிலைட் யாருக்காகவும் காத்திருக்காது.

இடது கையில் ஆன்டெனா. தச்சர் வைத்திருக்கும் ஸ்டீல் டேப்பைத் துண்டு போட்டு, பி.வி.சி. குழாயில் கட்டிய சொந்தத் தயாரிப்பு. வலது கையில் ஐந்து வாட் கையடக்க ரேடியோ. காதில் இயர்போன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஆரம்பித்து, வெறும் ஆகாயத்தில் எதையோ குறிபார்த்தபடி மெதுவாகத் திரும்புவார். நடுநடுவே மணிக்கட்டையும் முறுக்குவார்.

“என்ன சார், டிவி தெரியலையா?” என்பார் பக்கத்து வீட்டு மாமி. தூர்தர்ஷன் காலத்தில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி “இப்ப தெரியுதா?” என்று கத்திய தலைமுறை.

“இல்ல மாமி, சாட்டிலைட்ல பேசறேன்.”

மாமி வடாம் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்.

நம்மவர் பரீட்சை எழுதி, மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கிய ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். ‘வி.யு.3’ என்று தொடங்கும் அழைப்புக்குறி கார் கண்ணாடியில் இருக்கிறது. வாசல் பலகையில் பெயருக்கு மேலேயே இருக்கிறது. 2002-இல் ஏவப்பட்ட எஸ்.ஓ.-50 தூங்கிக்கொண்டிருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் தொனி கொடுத்து எழுப்ப வேண்டும். பத்து நிமிடம் விழித்திருக்கும். பிறகு 67 ஹெர்ட்ஸ் தொனியோடு 145.850 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டும், 436.795-இல் கேட்க வேண்டும். அதுவும் நேராகக் கேட்காது. டாப்ளர் விளைவால், வரும்போது கிட்டத்தட்ட பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே, போகும்போது அதே அளவு கீழே. ஒரு கை வானத்தைத் துரத்த, மறு கையின் விரல் அலைவரிசையைத் துரத்தும். வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பச் சொன்னால் இதே விரல் வலிக்கும்.

ஒரே சேனல், ஒரு நேரத்தில் ஒருவர்தான். எதுவுமே காதில் விழாமல் “ஹலோ ஹலோ” என்று மேலேறி விழுபவர்களைக் கண்டால் நம்மவருக்கு ஆகாது. “வாய்தான் இருக்கு, காதே கிடையாது” என்று பொருமுவார். வீட்டம்மா அவரைப் பற்றி முப்பது வருஷமாகச் சொல்லிவரும் கருத்தும் அதேதான்.

அடுத்த பைத்தியம் கட்டம். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறியீடு வைத்திருக்கிறார்கள். அண்ணா நகர் என்.கே.03, தாம்பரம் என்.கே.02. அண்ணா நகர்க்காரரும் தாம்பரத்துக்காரரும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சிக்னலை ஏற்றி இறக்கிப் பேசிக்கொண்டால், ஆளுக்கொரு புதுக் கட்டம் கணக்கில் ஏறும். அதிலும் ஆசை அடங்காமல், குடும்பத்தைப் பறவை பார்க்க வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனார், அது எம்.கே.92. எல்லோரும் நாரையைப் பார்க்க, இவர் மட்டும் எதிர்த் திசையில் ஆன்டெனாவோடு நின்றார்.

குடும்பத்துக்கு வந்த உண்மையான சோதனை 2015 செப்டம்பர் 28-இல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிவிட்ட இந்தோனேஷியாவின் ஐ.ஓ.-86 பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றுகிறது. அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தடவை நம் பக்கம் வந்துவிடும். அன்றைக்கு அதில் பேச்சைத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஓடுகிறதோ இல்லையோ, காபி ஆறிப்போவது உறுதி.

நேற்று எஸ்.ஓ.-50 வழியாகத் தாய்லாந்துக்காரர் ஒருவர் கிடைத்தார். நம்மவர் மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார்.

“தாய்லாந்து கிடைச்சுது!”

“என்ன சொன்னார்?”

“ஃபைவ் நைன். சிக்னல் பிரமாதம்னு அர்த்தம்.”

“அப்புறம்?”

“அவர் கட்டத்தைச் சொன்னார். நான் என் கட்டத்தைச் சொன்னேன். செவன்டி த்ரீன்னு வாழ்த்து சொல்லி முடிச்சுட்டோம்.”

“அவங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமாமா?”

“அதுக்குள்ள சாட்டிலைட் இறங்கிடுச்சு.”

“திரும்ப எப்போ வருதாம்?”

“எட்டு இருபதுக்கு.”

“அப்போ விசாரிச்சுடுங்க. குழந்தைங்க எத்தனைன்னும் கேளுங்க. வெறுங்கையோட இறங்கி வராதீங்க, மாடியில வடாம் காயுது.”