தாமதத்துக்குக் காரணம்

வருமான வரித் துறை எனக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது. ஊரில் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கட்ட வேண்டிய வரிக்குப் பயந்து ரிட்டர்னைத் தள்ளிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறார்கள். வர வேண்டிய காசைத் தள்ளிப் போட்டவனை இப்போதுதான் பார்க்கிறார்களாம்.

செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு, மாமல்லபுரம் வருகிறவர்களுக்குக் கையேடு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பல்லவர் காலத்தில் தறிக்கு வரி, செக்குக்கு வரி, குயவருக்கு வரி, தட்டாருக்கு வரி என்று செப்பேட்டிலிருந்து எடுத்து அடுக்கிப் பக்கத்தை நிரப்புவேன். அப்படி எழுதியதற்கு வந்த கூலியில்தான் 10 சதவீதம் டிடிஎஸ் போனது. 2021-22 நிதியாண்டில் என் வருமானம் 5 லட்சத்துக்குள். 87ஏ தள்ளுபடி போக வரி பூஜ்யம். ரிட்டர்ன் போட்டிருந்தால் பிடித்தது முழுவதும் திரும்பியிருக்கும்.

கடைசி நாள் 2022 ஜூலை 31, ஞாயிறு. அந்த வாரம்தானா மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்க வேண்டும்! 180க்கும் மேற்பட்ட நாட்டு ஆட்டக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரைத் ‘தம்பி’ போகிற இடமெல்லாம் வணக்கம் சொல்கிறது. குகேஷ் தொடர்ந்து 8 ஆட்டம் ஜெயித்த போட்டி அது. இதை விட்டுவிட்டு எவனாவது பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் தேடிக்கொண்டிருப்பானா? கெடுவை நீட்டிப்பார்கள் என்றும் ஒரு நம்பிக்கை. கொரோனாவால் முந்தைய இரண்டு ஆண்டும் நீட்டித்தார்களே. இந்த முறை நீட்டிக்கவில்லை. ஜெயிக்கிற நிலையில் இருந்தாலும் கடிகாரத்தில் நேரம் தீர்ந்தால் தோல்வி என்பதை, அங்கேயே போய் நின்று பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

போகட்டும், 1,000 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு டிசம்பர் 31 வரை போடலாம் என்றார்கள். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. கரண்ட் போனது. இதைவிட நல்ல சாக்கு எனக்கு வாய்த்ததே இல்லை. கரண்ட் வந்த பிறகும் அதை வைத்தே மாதத்தை ஓட்டினேன். யார் கேட்டாலும், “புயல் சார்.” குப்பத்து மீனவர்கள் வலையைச் சரிபார்த்துக் கடலுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டில் மட்டும் புயல் கரையைக் கடக்கவே இல்லை.

பாஸ்வேர்டு மறந்தது, ஓடிபி பழைய நம்பருக்குப் போனது எல்லாம் சில்லறை விஷயம். விடுங்கள்.

பிறகு, விட்டுப்போன ரிட்டர்னைப் பின்னால் போட ஐடிஆர்-யூ என்று ஒன்று வந்திருப்பதைப் படித்தேன். முதலில் 24 மாதம் என்றிருந்த கெடுவை 2025இல் 48 மாதமாக்கியும் விட்டார்கள். எனக்காகவே செய்த மாதிரி இருந்தது. காகிதங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆடிட்டரிடம் போனேன்.

“சார், அது கூடுதலா வரி கட்டறவங்களுக்கு. ரீஃபண்ட் அதுல கேக்க முடியாது.”

பல்லவர் வரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வாய் மூடிக்கொண்டது.

அவரே ஒரு வழியும் சொன்னார். சட்டத்தின் 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் வரை அவகாசம். கிடைத்தாலும் வட்டி கிடையாது. “காரணத்த மட்டும் நீங்க எழுதிக் கொண்டாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். செஸ் என்று எழுதினால் நானே சிரித்துவிடுவேன். புயல் என்று எழுதலாம், ஆனால் ஜூலையில் அது அடிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சான்று கேட்பார்கள்; அந்த ஆண்டு எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, “நல்லா இருக்கு சார், பத்திரிகைக்கு அனுப்புங்க. மனுவுக்கு வேற எழுதுங்க” என்றார். அனுப்பிவிட்டேன், நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான்.

உங்களுக்கு யாராவது டிடிஎஸ் பிடித்திருந்தால் இன்றைக்கே 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். எனக்கு அவசரமில்லை, 2028 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது.