கச்சிப்பேட்டுப் பெரிய பட்டுக்கடை: வரைபடப் பெயரியலுக்கு ஒரு முன்னுரை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைப்பவர் இன்று இரண்டு பெயர் சூட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று பலகைக்கு, மற்றொன்று கூகுள் மேப்புக்கு. பலகையில் இரண்டு சொல்லோடு அடக்கமாக நிற்கும் கடை, மேப்பில் ‘காஞ்சிபுரம் ஒரிஜினல் ப்யூர் சில்க் சாரீஸ் ஹோல்சேல் ரீடெயில் பெஸ்ட் ஷாப் கோயில் அருகில்’ என்று வால் நீட்டிக்கொள்கிறது. இந்த வாலைத் தமிழ்ப் புலமையுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கல்வெட்டில் ஓரெழுத்து தேய்ந்திருந்தால் மூன்று தலைமுறை முனைவர் பட்டம் வாங்கும் நாட்டில், தேயாத எழுத்தை ஆராய ஆளில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. உரிமையாளர் சூட்டும் நீண்ட பெயர் கடையில் ஒட்டுவதில்லை, வந்துபோகிறவர் வாயில் எது தங்குகிறதோ அதுவே பெயர் என்பது இதன் துணிபு. சான்று தேடி வெளியூர் போக வேண்டாம். காஞ்சியிலேயே, கல்லிலேயே கிடைக்கிறது.

பெயர் நான்கு வகைப்படும். முதலாவது சாமிப் பெயர். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களே காமாட்சியம்மன், முருகன் என்றும், தெய்வங்களுக்கு அடுத்த வரிசையில் திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்றும் பெயர் தாங்கியவை. இதனால் மேப்பில் ‘காமாட்சி’ என்று தட்டுகிறவருக்குக் கோயில், சங்கம், மெடிக்கல் ஷாப் மூன்றும் சேர்ந்தே காட்சி தரும். இரண்டாவது முதலாளியின் பெயர். மூன்றாவது எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓரெழுத்து கூட்டிய பெயர்; தேடுகிறவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. நான்காவதே நம் ஆய்வுப்பொருள்: ஊர்ப்பெயரும் சரக்கின் பெயரும் இருபுறமும் நெருக்க, கடையின் பெயர் நடுவில் காணாமல் போன தொடர்.

இதுபற்றிக் கூகுள் விதி வகுத்திருக்கிறது. பலகையில் உள்ள, வாடிக்கையாளர் அறிந்த பெயரையே பதிவில் தர வேண்டும். ஊர், சரக்கு, விளம்பர வாசகம், போன் நம்பர் எதையும் அதனோடு ஒட்டக் கூடாது. மீறினால் பதிவு முடக்கப்படலாம். உரைநடையில் கிடக்கும் விதியை அறிஞர்கள் மதிப்பதில்லை என்பதால், இக்கட்டுரைக்கெனவே நூற்பாவாக யாத்துத் தரப்படுகிறது:

ஊரும் பொருளும் உயர்வும் அருகும்
பேரொடு புணர்த்தல் பிழையென மொழிப.

ஊர் என்றது காஞ்சிபுரத்தை. பொருள் என்றது சேலையை. உயர்வு என்றது ‘பெஸ்ட்’, ‘நம்பர் ஒன்’ முதலியவற்றை. அருகு என்றது ‘நியர் மீ’ என்பதை. மொழிப என்றது கூகுளாரை; பலர்பாலில் கூறியது, புகார் செய்தால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமையின். இந்நூற்பாவுக்கு இன்னும் பிறக்காத உரையாசிரியர் மூவர் உள்ளனர். முதல்வர், ‘அருகும்’ என்ற உம்மை எச்சவும்மை, எனவே போன் நம்பரும் விலக்கில் அடங்கும் என்பார். இரண்டாமவர் அதை முற்றும்மையாகக் கொண்டு, விலக்கியவை நான்கே, ஆதலின் ‘ஹோல்சேல்’ அமையும் என்பார். இவர் ஹோல்சேல் கடைக்காரர் ஒருவரின் மருமகன் என்று மூன்றாமவர் அடிக்குறிப்பில் எழுதுவார். அந்த அடிக்குறிப்பை மறுத்து ஒரு கருத்தரங்கம் நடக்கும். அதன் மலர் வெளிவராது. பிறகு ஒருவர், ஏட்டுச்சுவடி கிடைக்காத நிலையில் பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையை மூலபாடமாகக் கொண்டு, ‘புணர்த்தல்’ என்பது ‘உணர்த்தல்’ என்று இருந்திருக்கக்கூடும், ஆகவே விலக்கே இல்லை என்று 300 பக்கத்தில் ஆய்வேடு அளிப்பார். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரே கேள்வி கேட்பார்: துணைநூற்பட்டியலில் என் நூல்கள் ஏன் இல்லை?

இனிச் சான்று. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவன் ராஜசிம்மனே பெயருக்குள் தேடுசொல் திணிப்பதில் நம் முன்னோடி. திருச்சுற்றில் உள்ள சிற்றாலயங்களில் தன் பட்டப்பெயர்களை 200-க்கும் மேல் வெட்டிவைத்தான்: ரணஜயன், ஸ்ரீபரன், ஆகமப்பிரியன், வாத்யவித்யாதரன், அத்யந்தகாமன் என்று. போர் வேண்டுவோர், ஆகமம் வேண்டுவோர், இசை வேண்டுவோர் யார் தேடினாலும் அவனே முதலில் அகப்படும்படியான ஏற்பாடு. போதாதென்று, அதே பட்டங்களை வேறு வேறு எழுத்து வடிவங்களிலும் திரும்பப் பொறித்தான். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிப்போடும் இன்றைய கடைக்காரர் யாருடைய மரபில் வந்தவர் என்பது இதனால் விளங்கும். பலன்? பட்டியலைப் படித்து அச்சேற்ற 1890-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் வர வேண்டியிருந்தது. தன் பெயரால் கோயிலுக்கு அவன் இட்ட ராஜசிம்மேச்சுரம் என்பதும் வழக்கொழிந்தது. இன்று ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால், கல்யாண மண்டபமா என்று கேட்பார். பட்டங்களால் பிழைத்தவர்கள் அறிஞர்கள் மட்டுமே. ‘அத்யந்தகாமன்’ மாமல்லபுரத்திலும் காணப்படுவதால் அங்குள்ளவை ராஜசிம்மன் கட்டியவையே என்று இரா. நாகசாமி 1962-இல் எழுத, அதே பட்டம் அவன் முன்னோருக்கும் இருந்திருக்கலாமே என்று மற்றவர்கள் மறுக்க, வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பதிவு இருந்தால் உரிமையாளர் யார் என்று கூகுளும் குழம்புகிறது. ஆனால் அது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறது.

கோயிலின் புகழைக் கூட்டியது பட்டப்பெயர் அன்று. அதே நூற்றாண்டில் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராமல் இறைவனுக்கே விட்டு, அச்செய்தியை மண்டபத் தூணில் கன்னடத்தில் பொறித்துப் போனான். பகைவன் கைப்பட எழுதிய ஐந்து நட்சத்திர விமர்சனம் அது. ஒரு கடை தன்னைப் பற்றி 200 பெயரில் சொல்வதைக் காட்டிலும், வாங்க வராதவன் ஒருமுறை சொல்வது நிற்கிறது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். பிற்காலத்தில் சோழர் இக்கோயிலைக் ‘கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி’ என்றனர். ராஜராஜன் வாக்கென்றே அதைச் சொல்வர். ஊர், உயர்வு, வகை மூன்றும் அதில் இருக்கின்றனவே, வந்துபோகிறவர் தந்த பெயர்தானே என்று கேட்கலாம். உண்மை. கூகுளின் விதிப்படி அது அப்போதே முடக்கப்பட்டிருக்க வேண்டிய பெயர். ஆனால் ‘பெரிய’ என்ற அடைக்கு என்ன நேர்ந்தது? 1010-இல் தஞ்சையில் அதே ராஜராஜன் அதைவிடப் பெரிதாகக் கட்டி முடித்தான். இன்று பெரிய கோயில் என்றால் தஞ்சாவூர். உயர்வுச்சொல் எதுவும் அடுத்தவர் கட்டும்வரைதான் செல்லும். அது பெயரன்று, விவரணை.

பெயரில் தேடுசொல் இருந்தால் வரிசையில் ஏற்றம் கிடைக்கிறதே என்பது இரண்டாவது தடை. இத்தொழிலில் உள்ளவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், மறுப்பதற்கில்லை. கூகுளே பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றையும் பார்ப்பதாகச் சொல்கிறது. ஆனால் காஞ்சியில் எல்லாப் பட்டுக்கடைக்கும் ‘காஞ்சிபுரம் பட்டு’ பொருந்தும். எல்லாம் சில தெருக்களுக்குள் அடங்கும். எல்லோரும் ஒட்டினால் யாரும் ஒட்டாததற்குச் சமம். ஊர்ப்பெயர் தி. நகரில் உழைக்கும், காந்தி ரோட்டில் அதற்கு வேலையில்லை. ஊர்ப்பெயர் எங்கள் உரிமை என்பாரும் உளர். அந்த உரிமையைப் புவிசார் குறியீடு 2005-06-இலேயே பட்டுக்குக் கொடுத்துவிட்டது. அது சேலைக்குரியது, கடைக்குரியதன்று.

விதியை மீறாமல் விதியை வென்றவரும் உண்டு. நியூயார்க்கில் ஓர் உணவகம் ‘தாய் ஃபுட் நியர் மீ’ என்பதையே பெயராக வைத்து, பலகையிலும் அதையே எழுதிவிட்டது. பலகையில் உள்ளதுதானே பெயர்? தர்க்கம் பழுதற்றது. ஆயினும் சுவரில் எழுதிய ‘எனக்கு அருகில்’ சுவருக்குத்தான் எப்போதும் அருகில் இருக்கும். இங்கே அதைப் பின்பற்றுவோர், பலகையில் தமிழும் ஆங்கிலமும் பிறமொழியும் 5:3:2 அளவில் இருக்க வேண்டும் என்ற நம் அரசு விதியையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ‘நியர் மீ’ என்பதைத் தமிழில் ஐந்து பங்கு பெரிதாக எழுதிவிட்டால், தெருவே கடைக்காரரைப் பார்த்து நிற்கும்.

ஆகவே காஞ்சிக் கடைக்காரர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை: பலகையில் உள்ள பெயரை அப்படியே பதிவு செய்யுங்கள். சரக்கின் பெயரை அதற்கென்று கொடுத்திருக்கும் வகைக் கட்டத்திலும், ஊரை முகவரியிலும் நிரப்புங்கள். பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி வைத்து விற்பவர்கள், முதலில் ஒரு பலகை மாட்டுங்கள்.